ஐம்பது டாலருக்கு எட்டு வருடம்: ஒரு வாஷிங் மெஷின் வழக்கு

என் வீட்டு வாஷிங் மெஷினின் கதவைத் திறந்தால் வாயைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மெக்கானிக்குகள் அதை கேஸ்கட் என்பார்கள். அதன் மடிப்பை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. துவைத்த துண்டில் ஒரு வாடை வரும்வரை நானும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் காயாமல் கிடந்த துணியின் வாடை அது, ஆனால் அப்போது நடந்துகொண்டிருந்தது மே மாதம். மடிப்பை விரித்தேன். கறுப்பாக, வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. கூடவே இரண்டு ஹேர்பின், ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.

சர்வீஸ்காரர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "துவைச்சு முடிச்சதும் கதவைத் திறந்தே வைங்க சார். மாசம் ஒருதடவை துணி போடாம சுடுதண்ணியில ஓட்டுங்க. இந்தப் பவுடர் வேண்டாம்" என்றார். விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மெஷினில் குறை இருக்கலாம் என்ற பேச்சே வரவில்லை. குறை என் பழக்கத்தில் இருந்ததாக முடிந்துபோனது.

கிட்டத்தட்ட இதே அறிவுரையை 2000களின் நடுவில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இரண்டு பெண்கள் கேட்டார்கள். இருவரும் வாங்கியிருந்தது வேர்ல்பூல் நிறுவனத்தின் டூயட் என்ற ஃப்ரன்ட் லோடு மெஷின். சில மாதங்களிலேயே வாடை, பூசணம். கம்பெனிக்குப் போன் செய்தார்கள். சோப்பை மாற்றுங்கள், ரப்பரைத் துடையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். அதுவும் தங்கள் இருவருக்காக மட்டும் இல்லை, ஓஹையோவில் அந்த மெஷினை வாங்கிய எல்லோருக்காகவும். வேறு பல மாநிலங்களிலும் இதே மாதிரி வழக்குகள் கிளம்பின. 2008இல் அவற்றையெல்லாம் ஓஹையோவில் உள்ள ஒரு மத்திய நீதிமன்றத்தில் ஒன்றாகக் குவித்தார்கள். ரிப்பேரான ஒரு வீட்டுச் சாமானுக்காகக் கூட்டாகச் சேர்ந்து இழப்பீடு கேட்டால் என்னென்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் பூசணம் ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். பழைய டாப் லோடு மெஷினில் தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர் துணியோடு தொட்டியையும் அலசிவிடும். ஃப்ரன்ட் லோடு மெஷின் தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த வந்தது. ட்ரம்மின் அடியில் கொஞ்சமாகத் தண்ணீர், அதுவும் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீர். தண்ணீர் முன்பக்கம் ஒழுகாமல் இருக்கக் கதவு இறுக்கமாக மூட வேண்டும், அதற்குத்தான் அந்த ரப்பர். ட்ரம்முக்கு வெளியே இன்னொரு தொட்டி இருக்கிறது. அதன் உட்சுவரின் மேடு பள்ளங்களில் சோப்பு, அழுக்கு, துணி நார் எல்லாம் பசையாக ஒட்டிக்கொள்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத இடம், கையும் எட்டாது. ஈரம், இருட்டு, மூடிய கதவு, சாப்பிட அழுக்கு. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? வழக்குப் போட்டவர்களின் வாதமும் இதுதான்: மெஷின் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளாத வடிவமைப்பு, இது கம்பெனிக்குத் தெரியும், வாங்குகிறவரிடம் சொல்லவில்லை.

2007இல் வேர்ல்பூல் அஃப்ரெஷ் என்று ஒரு மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெஷினுக்குள் போட்டு வெறுமனே ஓட்டினால் வாடை போகும். வாடை வருகிற மெஷினையும் விற்று, வாடையைப் போக்கும் மருந்தையும் விற்றால் கேட்பவருக்கு எரிச்சல் வரத்தானே செய்யும். நீதிமன்ற ஆவணங்களில் இந்த மாத்திரைக்கு நல்ல இடம் கிடைத்தது. கம்பெனிக்குப் பிரச்சினை தெரிந்தே இருந்தது என்பதற்கு வழக்கறிஞர்கள் இதையும் காட்டினார்கள்.

சரி, இதற்கு எதற்குக் கூட்டு வழக்கு? அவரவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். பூசணம் வரும் வடிவமைப்பு என்று நிரூபிக்க ஒரு இன்ஜினியர் வேண்டும், ஒரு நுண்ணுயிரியல் நிபுணர் வேண்டும், கம்பெனியின் உள் மின்னஞ்சல்களைத் தோண்டி எடுக்க வக்கீல்கள் வேண்டும். மெஷினின் விலையைப் போலப் பல நூறு மடங்கு செலவாகும். சிகாகோவில் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்த ரிச்சர்ட் போஸ்னர் 2004இல் ஒரு கடன் தொடர்பான வழக்கில் இதைப் பட்டென்று சொன்னார். 1 கோடியே 70 லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருந்தால், கூட்டு வழக்கு இல்லாத இடத்தில் 1 கோடியே 70 லட்சம் தனி வழக்குகள் வரப்போவதில்லை, ஒன்றுகூட வராது. 30 டாலருக்காகக் கோர்ட் படியேறுகிறவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெறி பிடித்தவராக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வகை வழக்கை கிளாஸ் ஆக்‌ஷன் என்கிறார்கள். அங்குள்ள மத்திய சிவில் நடைமுறையின் 23ஆம் விதி, 1966இல் திருத்தப்பட்ட வடிவில், இதை நடத்துகிறது. ஓரிருவர் எல்லோர் சார்பிலும் வழக்காடலாம். ஆனால் முதலில் நீதிபதி அதற்கு அனுமதி தர வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் ஏராளமாக இருக்கிறார்களா, எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டா, முன்னால் நிற்பவரின் குறையும் பின்னால் இருப்பவர்களின் குறையும் ஒரே மாதிரியா, பணம் கேட்கும் வழக்கு என்றால் பொதுக் கேள்விகள் தனிப்பட்ட கேள்விகளை மிஞ்சி நிற்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார். அனுமதி கிடைத்துவிட்டால், "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்து விலகாத எல்லோரும் வழக்கில் இருப்பதாகவே அர்த்தம். வழக்கு நடப்பதே தெரியாமல் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பவரும் இதில் ஒரு வாதி.

இந்த அனுமதிதான் உண்மையான போர்க்களம். அனுமதி கிடைத்தால் கம்பெனிக்குப் பயம் வந்துவிடும், கிடைக்காவிட்டால் வழக்கு அங்கேயே செத்துவிடும். ஓஹையோ வழக்கில் 2010இல் அனுமதி கிடைத்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை உறுதி செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றம், கூட்டு வழக்கு அனுமதி பற்றித் தான் அப்போதுதான் வழங்கியிருந்த காம்காஸ்ட் தீர்ப்பின் வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. அதே வருடம் மறுபடி பார்த்து, மறுபடி உறுதி செய்தார்கள். கம்பெனி மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது. 2014 பிப்ரவரியில் அந்த மனுவை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. மெஷினில் குறை இருக்கிறதா இல்லையா என்ற விஷயத்தை இதுவரை யாரும் விசாரிக்கவே ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் யார் ஒரே வண்டியில் ஏறலாம் என்பதற்கே இத்தனை வருடம்.

கம்பெனியின் வாதத்தைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பூசணமே வரவில்லை, வராதவருக்கு என்ன நஷ்டம், எதற்கு இழப்பீடு என்று கேட்டது. கேள்வி நியாயம்தான். வாதிகளின் பதில் இன்னும் சுவாரசியமானது: நஷ்டம் பூசணத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. குறையுள்ள மெஷினை நல்ல மெஷின் விலைக்கு விற்றார்கள். பெட்டிக்கடையில் அழுகிய தேங்காயை நல்ல தேங்காய் விலைக்குத் தலையில் கட்டினால், வீட்டுக்குப் போய் உடைக்கும் முன்பே நாம் ஏமாந்தாகிவிட்டது அல்லவா? அதே தர்க்கம். பில் போட்ட நிமிடமே எல்லோருக்கும் ஒரே நஷ்டம் என்று ஆகிவிட்டால், எல்லோரும் ஒரே வண்டியில் ஏறலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதிக் கட்டத்தில் இதை ஏற்றுக்கொண்டது.

இதே வேர்ல்பூல் தயாரித்து சியர்ஸ் கடைகள் கென்மோர் என்ற பெயரில் விற்ற மெஷின்களுக்கு எதிராகத் தனியாக இன்னொரு வழக்கு நடந்தது. அது போஸ்னரிடமே போனது. அதில் பூசணத்தோடு, மெஷினின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த கோளாறும் சேர்ந்திருந்தது. ஒன்றும் இல்லாதபோதே பிழைக் குறியீடு காட்டி மெஷின் நின்றுவிடும் என்பது புகார். பெரும்பாலோருக்குப் பூசணம் வரவில்லை என்ற அதே வாதத்தை சியர்ஸ் வைத்தது. அதற்கு போஸ்னர் சொன்ன பதிலை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். அது உண்மையென்றால் கூட்டு வழக்கை நீங்கள் வரவேற்கத்தானே வேண்டும் என்று கேட்டார். வழக்கு நடக்கட்டும், குறை இல்லை என்று தீர்ப்பு வாங்கிக்கொள்ளுங்கள், விலகிப் போகாத அத்தனை பேரையும் அந்தத் தீர்ப்பு கட்டிப்போட்டுவிடுமே!

ஓஹையோவில் ஏறக்குறைய அப்படியேதான் நடந்தது. 2014 அக்டோபரில் கிளீவ்லாந்தில் ஜூரி, அதாவது பொதுமக்களில் இருந்து தேர்ந்தெடுத்த குழு, முன்னால் விசாரணை. கூட்டு வழக்குகள் இந்தக் கட்டம்வரை வருவதே அபூர்வம், பெரும்பாலானவை பேசி முடிந்துவிடும். மூன்று வாரம் போல விசாரணை நடந்தது. அக்டோபர் 30 அன்று ஜூரி கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. வடிவமைப்பில் அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை, உத்தரவாத மீறலும் நிரூபிக்கப்படவில்லை. ஆறு வருடம் அனுமதிக்காகப் போராடியவர்கள் ஒரே நாளில் தோற்றுப்போனார்கள். கூட்டாகப் போனால் ஜெயிப்பதும் கூட்டாகத்தான், தோற்பதும் கூட்டாகத்தான். வழக்கு நடப்பதே தெரியாதவரும் தோற்றவர்தான்.

அப்புறமும் கதை முடியவில்லை. மற்ற மாநிலங்களின் வழக்குகள் வரிசையில் நின்றன. ஒன்றில் ஜெயித்த கம்பெனிக்கு அடுத்ததிலும் ஜெயிப்போம் என்ற உறுதி கிடையாது. ஒன்றில் தோற்ற வக்கீல்களுக்கும் கையில் இருக்கும் காசு குறைந்துகொண்டிருந்தது. 2016இல் சமரசம் ஏற்பட்டது. 2001 முதல் 2010 வரை தயாரான குறிப்பிட்ட வேர்ல்பூல், கென்மோர், மேடேக் ஃப்ரன்ட் லோடு மெஷின்களை வாங்கி, பூசணத் தொல்லையும் பட்டவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. 50 டாலர் ரொக்கம் வாங்கிக்கொள்ளலாம். புது மெஷின் வாங்கும்போது 20 சதவீதம் திரும்பப் பெறலாம். ரிப்பேருக்கோ மாற்றியதற்கோ செலவழித்த ஆதாரம் இருந்தால் 500 டாலர்வரை கேட்கலாம்.

இந்த மூன்றையும் சற்று உற்றுப் பாருங்கள். 500 டாலர் யாருக்கு? பத்து வருடத்துக்கு முந்தைய ரிப்பேர் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு. 20 சதவீதம் யாருக்கு? தன்னைக் கடுப்பேற்றிய அதே கம்பெனியிடம் மறுபடி ஒரு மெஷின் வாங்கத் தயாராக இருப்பவருக்கு. மிச்சம் எல்லோருக்கும் 50 டாலர், அதுவும் படிவம் நிரப்பி அனுப்பினால்தான். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். வழக்கில் இருப்பதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் பணம் வாங்க ஏதாவது செய்தாக வேண்டும். அறிவிப்பு விளம்பரத் தபால் போலவே வரும், பிரிக்காமல் குப்பைக்குப் போகும். பிரித்தாலும் மெஷினின் மாடல் எண், சீரியல் எண் கேட்பார்கள், தொல்லை எப்போது வந்தது என்று உண்மை உறுதிமொழியோடு எழுதச் சொல்வார்கள். பழைய மெஷினை எப்போதோ எடைக்குப் போட்டிருப்போம்.

கூப்பன் கொடுத்து முடிக்கும் சமரசங்களைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே சந்தேகம் இருந்தது. 2005இல் வந்த சட்டம், கூப்பன் சமரசத்தில் வக்கீல் கட்டணத்தைக் கணக்கிடும்போது அச்சடித்த கூப்பன்களின் மதிப்பைப் பார்க்காதே, மக்கள் உண்மையில் பயன்படுத்தியதைப் பார் என்றது. வக்கீலுக்குக் கோடி, வாடிக்கையாளருக்குத் தள்ளுபடிச் சீட்டு என்ற பழைய நக்கலில் இருந்து வந்த விதி.

ஆனாலும் வக்கீல்களைத் திட்டிவிட்டு நகர முடியாது. இந்த வழக்கு எட்டு வருடம் ஓடியதே அவர்கள் சொந்தக் காசைப் போட்டு ஓட்டியதால்தான். ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு அங்கே செல்லும். அந்த எண்ணெய் இல்லாமல் இந்த வண்டி ஒரு அடிகூட நகராது. கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் வண்டியையே நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தார்கள்: தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக மாட்டேன், தனியாக நடுவரிடம்தான் போவேன் என்று வாங்கும்போதே ஒப்புக்கொள்ளவைப்பது. 2011இல் ஒரு செல்போன் வழக்கில் இப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே தகராறு 30 டாலரும் சில்லறையும். வாரன்டி புத்தகத்தின் பொடி எழுத்துகளை யாரும் படிக்காத நாட்டில் இது லேசான விஷயம் இல்லை.

நம் ஊரில் என்ன நிலைமை என்று கேட்கத் தோன்றும். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் நாம் பரவாயில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 35ஆம் பிரிவு, ஒரே நலன் உள்ள நுகர்வோர் பலர் இருந்தால் அவர்களில் ஒருவரோ சிலரோ எல்லோருக்காகவும் புகார் கொடுக்கலாம் என்கிறது, நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு. அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும் கொடுக்கலாம், அரசும் கொடுக்கலாம். பொடி எழுத்து நிபந்தனை இங்கே பலிக்காது. நடுவர் தீர்ப்பு ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கூட்டம் பெரிதாக இருந்தால், அவர்களுக்கு விற்ற குறையுள்ள பொருளின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் கட்டச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய 1986 சட்டத்தில் இது வெறும் 5 சதவீதம்.

அப்படியிருந்தும் வாஷிங் மெஷினுக்காக நம்மில் யாரும் இப்படிக் கூட்டுப் புகார் போட்டதாகப் பேச்சு அடிபடுவதில்லை. இந்தப் பிரிவைப் பெரும்பாலும் பயன்படுத்தியவர்கள் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள். ஒரு வீட்டின் நஷ்டம் லட்சக்கணக்கில், ஆகவே வக்கீல் வைக்கக் கட்டுப்படியாகும். அவர்களுக்கும் வழி சுலபமாக இல்லை. பெங்களூரு குடியிருப்பு ஒன்றில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், வளாகத்தின் 1,134 வீட்டுக்காரர்களுக்காகவும் சேர்த்துக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நலன் என்று காட்டும் விவரம் புகாரில் போதவில்லை, உங்கள் சொந்தக் கூட்டுப் புகாராக மட்டும் நடத்துங்கள் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓஹையோவில் ஆறு வருடம் நடந்த அதே சண்டை, வேறு உடுப்பில்.

இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஜெயித்தால் பங்கு என்று இங்கே வக்கீல் பேசிக்கொள்ளக் கூடாது, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வைப்பதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. நல்ல நோக்கத்தில் வந்த விதிதான். ஆனால் ஆளுக்கு மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் நஷ்டப்பட்ட பத்தாயிரம் பேருக்காக நிபுணர் அறிக்கைக்கு முன்பணம் போடப்போவது யார்? வேறு ஒருவரும் இல்லாததால் அந்த இடத்துக்கு அரசுதான் வர வேண்டியிருக்கிறது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தர முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்றதற்காக இணைய விற்பனைத் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்பப் பெற்று, பணத்தைக் கொடு, 1 லட்சம் ரூபாய் அபராதமும் கட்டு என்றது. ஃப்ளிப்கார்ட் விஷயத்தில் 598 குக்கர்கள். இரண்டு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின என்பது வேறு கதை.

ஒருவர் தனியாகப் போவதானால் வழி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடக் கெடு. வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித்தான் குறையைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் ஆணையமே அனுப்பும், ஆனால் அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் கோர்ட்டுக்குப் போகாமலே சில கம்பெனிகள் இறங்கி வருவதும் உண்டு.

இதில் ஒரு நுணுக்கத்தில் பலர் சறுக்குகிறார்கள். 2019 சட்டத்தில் புதிதாக வந்த பொருள் பொறுப்பு அத்தியாயம் பெரிதாகப் பேசப்பட்டது. மெஷின் வெடித்துக் காயம், தீப்பிடித்து வீடு சேதம் என்றால் அது உதவும். ஆனால் அங்கே பாதிப்பு என்பதற்கான விளக்கம், பொருளுக்கே வந்த சேதத்தைச் சேர்க்காது என்று தெளிவாகச் சொல்கிறது. பூசணம் பிடித்த மெஷினுக்கு அந்த அத்தியாயத்தைக் காட்டினால் முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு மடக்கும். குறையுள்ள பொருள் என்ற பழைய, சாதாரணப் புகார்தான் சரியான வழி.

இதை எழுதும்போது எழுந்து போய் என் மெஷினின் கதவைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது, சர்வீஸ்காரர் சொன்னபடி. மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் போட்ட ஸ்டிக்கர் கதவுக்குப் பின்னால் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. ஈரம் பட்டுப் பட்டுக் கடைசி நான்கு எண்கள் அழிந்துவிட்டன. பில் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அது கடையில் கொடுத்த அந்த வழவழப்பான வெப்பக் காகிதம். இப்போது முழு வெள்ளை.